சாணைத் தொழிலாளியின் தூண்டில்

மீன்பிடி என்றதும் நம் நினைவுக்கு வருவது தொழில். கடலும் வலையும் தோணியும், சம்மாட்டியும் பங்கும் கடனும் என்றே நாம் அதனை அறிவோம். வயிற்றுக்காக மீன் பிடிப்பவன் அதற்கென நேரம் தேடி அலைவதில்லை. அவனது நேரம் முழுவதும் கடலுக்கே உரியது. ஆயின், பகற்பொழுதை வேறொரு தொழிலுக்கு விற்றுவிட்ட ஒருவன், அத்தொழிலுக்கும் உறக்கத்துக்கும் இடையே எஞ்சும் ஒரு மணி நேரத்தையோ இரண்டு மணி நேரத்தையோ மீட்டெடுத்து, ஒரு கோலும் சிறிது நூலும் தகரப் பேணியிலே கொஞ்சம் புழுவுமாக நீர்க்கரைக்குப் போகின்றானே, அவனுக்கும் ஒரு வரலாறு உண்டா? உண்டு. அந்த ஒரு மணி நேரம் அவனுக்கு எங்கிருந்து வந்தது, அதனை யார் கொடுத்தார், எதற்கு ஈடாகக் கொடுத்தார் என்று கேட்கத் தொடங்குவோமாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பொருளாதார வரலாற்றிற் பெரும்பகுதி அவனது தூண்டில் முள்ளிற் கொழுவிக்கொண்டு மேலே வரக் காண்போம்.

மார்க்ஸும் ஏங்கெல்ஸும் 1845, 1846ஆம் ஆண்டுகளில் எழுதி, 1932இலேயே முழுமையாக அச்சேறிய 'ஜெர்மானியக் கருத்தியல்' என்னும் நூலிலே, வருங்காலப் பொதுவுடைமைச் சமுதாயத்தின் ஒரு நாளைக் கற்பனை செய்யும் இடமொன்று உண்டு. காலையில் வேட்டை, பிற்பகலில் மீன்பிடி, மாலையில் கால்நடை, இரவுணவின் பின் விமர்சனம் என்று ஒருவன் வாழலாம். அதனால் அவன் வேடனாகவோ மீனவனாகவோ விமர்சகனாகவோ முத்திரை குத்தப்படமாட்டான் என்பது அவ்விடத்தின் சாரம். இதனைப் படித்து நகைத்தோர் பலர். ஏங்கெல்ஸ் அதே 1845இல் வெளியிட்ட, இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலையும் உடன்வைத்துப் படிப்பவர் நகைக்கமாட்டார். செபீல்ட் நகரத்து மருத்துவர் ஒருவரின் கூற்றை அந்நூல் எடுத்துக்காட்டுகின்றது. நீரின்றி உலர்ந்த கல்லிலே முள்ளுக்கரண்டியும் கத்தியும் தீட்டும் சாணைத் தொழிலாளர் 35 வயதைத் தாண்டுவது அரிது. நனைந்த கல்லிலே தீட்டுவோர் 45 வயதைத் தாண்டுவது அரிது. கல்லின் தூசும் உருக்கின் தூசும் நெஞ்சை நிரப்பிவிடும். பிற்பகலிலே தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போவது இத்தகைய மனிதனுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. மூச்சு விடுவதற்கு வழி.

செபீல்ட் நகரத்தை நாம் எடுத்துக்கொள்வதற்கு வேறு காரணமும் உண்டு. உழைக்கும் மக்களின் தூண்டிற் சங்கங்கள் மிகுந்த வலிமையோடு தோன்றிய நகரங்களுள் அது முன்னணியில் நிற்பது. நகரத்தின் நடுவே டொன் ஆறு ஓடுகின்றது. ஆனால் உருக்காலைகளும் சாயக்கழிவும் மலக்கழிவும் சேர்ந்து அதனை மீனற்ற ஆறாக்கிவிட்டன. தன் வீட்டருகே ஓடும் நீரிலே மீனில்லாமற் செய்த உற்பத்தி முறையே, மீனுள்ள நீருக்குப் போய்வர வேண்டிய நேரத்தையும் தொழிலாளியிடமிருந்து எடுத்துக்கொண்டது.

இதற்கு முன்னிருந்த நிலை யாது? ஐசக் வால்டன் தூண்டில் பற்றிய புகழ்பெற்ற நூலை 1653இல் வெளியிட்டார். அவர் பிரபுவல்லர், இலண்டனில் கடை வைத்திருந்த துணி வணிகர். நகரத்தை விட்டு வடக்கே நடந்து, லீ ஆற்றங்கரையில் நாளைக் கழிக்கும் மனிதரையே அவர் நூல் காட்டுகின்றது. கடையை எப்பொழுது திறப்பது, எப்பொழுது அடைப்பது என்பது சிறு வணிகனின் கையிலிருந்த காலம் அது. கைத்தொழிலாளரிடையேயும் இத்தகைய ஓர் உரிமை இருந்தது. அதற்குப் 'புனித திங்கள்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தனர். சனிக்கிழமை கூலி பெற்று, ஞாயிறு ஓய்ந்து, திங்கட்கிழமையும் பட்டறைப் பக்கம் தலைகாட்டாது விடுவது வழக்கம். செவ்வாயும் சிலவேளை அவ்வாறே கழியும். வார முடிவிலே இரவு பகலாக உழைத்து ஈடுசெய்துவிடுவர். செபீல்ட் சாணைத் தொழிலாளர் பலர் தண்ணீர்ச் சக்கரத்தால் இயங்கும் பட்டறைகளில் இடத்தை வாடகைக்குப் பெற்று, துண்டுக் கணக்கிலே உழைத்தவர்கள். அவர்களிடம் இவ்வழக்கம் வேரூன்றியிருந்ததில் வியப்பில்லை. மீன் இரையெடுக்கும் வேளை அறிந்து போவதற்கு அவர்கள் எவரிடமும் உத்தரவு கேட்கவேண்டியிருக்கவில்லை.

நீராவி இயந்திரம் இந்த உரிமைக்குச் சாவுமணி அடித்தது. உலையில் எரியும் நிலக்கரிக்குத் திங்கள் என்றும் செவ்வாய் என்றும் வேறுபாடில்லை. ஒருவன் வராவிட்டாலும் இயந்திரம் ஓடவேண்டும், ஓடினாற் செலவு, எனவே எல்லோரும் ஒரே நேரத்தில் வரவேண்டும். மணிக்கூடு வேலைத்தலத்துக்குள் நுழைந்த இக்கதையை ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையொன்றிலே விரிவாக ஆராய்ந்துள்ளார். பேர்மிங்காம் நகரத்துச் சான்றுகளைக் கொண்டு டக்ளஸ் ரீட் 1976இல் எழுதியது, நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சனிக்கிழமை பிற்பகல் அரைநாள் விடுமுறை முதலாளிமாரின் கருணையினால் மட்டும் வந்ததன்று. திங்கட்கிழமையைக் கைவிடுவதற்குக் கொடுக்கப்பட்ட விலையாகவும் அது அமைந்தது என்பது அவர் ஆய்விலே புலப்படும். முழுநாளை வாங்கிக்கொண்டு அரைநாளைக் கொடுத்த அந்த வணிகத்திலே எவர்க்கு இலாபம் என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அந்த அரைநாளும் போராடாமற் கிட்டவில்லை. 1847ஆம் ஆண்டுப் பத்து மணி நேரச் சட்டமும், சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை நிறுத்தவேண்டும் என்று விதித்த 1850ஆம் ஆண்டுச் சட்டமும் நெசவாலைகளிலே பெண்களையும் இளைஞரையும் பற்றியவை. பெண்கள் போய்விட்டால் ஆலை ஓடாது என்பதால் ஆடவரும் பயனடைந்தனர். உலோகத் தொழில்களுக்கும் சிறு பட்டறைகளுக்கும் அச்சட்டங்கள் பரந்தது 1867இலேதான். 1871இல் நியூகாசில் பகுதிப் பொறித் தொழிலாளர் ஏறத்தாழ ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்து ஒன்பது மணி நேர வேலைநாளை வென்றெடுத்தனர். தூண்டிற் சங்கங்கள் பெருகியதும் இக்காலத்திலேதான். செபீல்ட் தூண்டிற்காரரின் கூட்டுச் சங்கம் 1869இல் அமைந்தது. நேரம் கிடைத்ததும் சங்கம் எழுந்தது என்பதை ஆண்டுகளே சொல்லுகின்றன.

சங்கம் என்றதும் பெரிய மண்டபத்தைக் கற்பனை செய்யவேண்டா. தெருமுனை மதுச்சாலையின் பின்னறையே சங்கம். வாரந்தோறும் சில பென்சுகள் சந்தா. அதிலிருந்து நீர்க்கரைக் குத்தகை, பரிசு, நோயுற்ற உறுப்பினர்க்குச் சிறிய உதவி. தனியொருவனாற் பெறமுடியாத புகையிரதச் சலுகைச் சீட்டையும் சங்கம் பெற்றுத்தந்தது. சனி மாலை புகையிரதம் ஏறிக் கிழக்கே, ஏறத்தாழ 40 மைல் அப்பாலுள்ள லிங்கன் நகர்ப்பக்கத்துக்கும் அதற்கப்பால் விதம் ஆற்றுக்கும் செபீல்ட் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகப் போயினர். குலுக்கலிலே விழுந்த இலக்கத்துக்குரிய இடத்தில் அமர்வர்; ஊதல் ஒலித்ததும் தூண்டில் போடுவர்; குறித்த நேரம் முடிந்ததும் மீனை நிறுப்பர். விளையாட்டிலும் மணிக்கூடா என்று நாம் கேட்கலாம். ஆலையின் ஒழுங்கு ஆற்றங்கரைக்கும் வந்துவிட்டது என்று குறைகூறிய கனவான்கள் அன்று இருந்தனர். முழுநாளும் தமக்கே உரியவர்கள் அவ்வாறு கூறுவது எளிது. திரும்பிச் செல்லும் புகையிரதத்தின் நேரம் குறிக்கப்பட்டிருக்கையில், பிடிக்கும் நேரமும் குறிக்கப்பட்டேயாகவேண்டும். குறுகிய நேரத்துக்கேற்பக் கருவியும் மாறியது. மெல்லிய நூல், மிகச் சிறிய முள், இலேசான தக்கை. சிறு மீன் தொட்டாலும் காட்டிக்கொடுக்கும் நுண்ணிய அமைப்பு. பெருமீனுக்காக நாட்கணக்கிற் காத்திருக்க இயலாதவனின் கலை அது. செபீல்ட் முறை என்றே அதற்குப் பெயர் வந்தது.

ஒன்றை இங்கே மறைக்காமற் சொல்லவேண்டும். இச்சங்கங்களில் பெண்களைக் காண்பது அரிது. ஆடவன் தூண்டிலோடு புறப்பட்ட அதே சனிக்கிழமை பிற்பகலிலே, ஆலையிலிருந்து திரும்பிய மனைவி வீட்டைக் கழுவினாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதை வாங்கச் சந்தைக்குப் போனாள். எந்தச் சட்டத்தினாலே அரைநாள் விடுதலை வந்ததோ அந்தச் சட்டம் அவள் பெயரால் இயற்றப்பட்டது. அவளுக்கோ அது இன்னொரு வேலைநாளாயிற்று. தொழிலாளர் ஓய்வின் வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றனர்.

நேரத்தை அடுத்து நீர். இங்கிலாந்திலே ஆற்றுக்கு உடையவன் உண்டு. கரை யாருடையதோ மீன்பிடி உரிமையும் பெரும்பாலும் அவனுடையது. 1723ஆம் ஆண்டின் 'கறுப்புச் சட்டம்' ஆயுதமேந்தி மாறுவேடமிட்டு மீன் திருடுவதையும் மீன்குளத்தின் அணையை உடைப்பதையும் தூக்குத்தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. நூறாண்டுகளின் பின் அக்கொடுமை நீங்கியது எனினும், 1861ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வகையில் வேடிக்கையானது. பிறர் நீரிலே பகலில் தூண்டில் போட்டால் சிறு தண்டம். இரவிலாயின் பெரிய குற்றம். பகல் என்பது ஞாயிறு தோன்றுவதற்கு ஒரு மணி நேரம் முன் தொடங்கி, மறைந்து ஒரு மணி நேரத்தின் பின் முடியும் என்று அச்சட்டமே வரையறுத்தது. ஆலையிலிருந்து வருபவனுக்குக் கிட்டியது அந்த எல்லைக்கோட்டை ஒட்டிய வெளிச்சமே.

மீனிலும் வர்க்கம் இருந்தது. சால்மனும் ட்ரவுட்டும் கனவான்களின் மீன்கள். ரோச், பிரீம் போன்றவை 'கரட்டு மீன்கள்' என்னும் பொதுப்பெயரால் ஒதுக்கப்பட்டன. சால்மனைக் காக்கச் சட்டமிருந்தது. கரட்டு மீனை முட்டையிடும் காலத்திலும் எவரும் வாரிச்செல்லலாம். செபீல்ட் தூண்டிற்காரர் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். அந்நகரத்தின் நாடாளுமன்ற உறுப்பினரான முண்டெல்லா 1878இல் நன்னீர் மீன்பிடிச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். அதன்படி மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கரட்டு மீன் பிடிக்கலாகாது. கிடைத்த சிறு ஓய்விலும் மூன்று மாதத்தை நீருக்கு விட்டுக்கொடுக்கும்படி தொழிலாளரே கேட்டு வாங்கிய சட்டம் அது. இங்கிலாந்தின் ஆறுகளில் அத்தடைக்காலம் இன்றும் நடைமுறையிலுள்ளது. தொழிலாளருக்குப் பொறுப்புணர்ச்சி இல்லை, ஓய்வு கொடுத்தாற் குடித்தே அழிப்பர் என்று வாதிட்டவர்களுக்கு இதனினும் நல்ல விடை வேண்டியதில்லை.

இந்த மீன் வர்க்கம் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. 1880களில் ட்ரவுட் மீனின் முட்டைகளை வருவித்து, நுவரெலியாவின் குளிர்ந்த நீரோடைகளில் பொரிக்கவிட்டனர் ஆங்கிலேயர். 1896இல் இலங்கை மீன்பிடிச் சங்கம் என்னும் அவர்களது கழகம் தோன்றியது. ஹோட்டன் சமவெளி ஓடைகளிலும் அம்மீன் பரவியது. மாலையிலே துரை வெயில் தணிந்ததும் கோலை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போகலாம். அவருடைய நாள் அதற்கு இடங்கொடுத்தது. அவ்வோடை பாயும் மலைச்சரிவிலே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளியின் நாள் எவ்வாறிருந்தது? விடியுமுன் தப்பு ஒலித்துப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது. மாலையிற் கொழுந்து நிறுத்துக் கணக்கு முடியும்வரை அவன் நேரமும் அவள் நேரமும் கங்காணியின் கையிலும் கணக்கப்பிள்ளையின் ஏட்டிலும் இருந்தன. அரை நாள் நின்றால் அரைப் பேர். லயத்துக்குத் திரும்பியபின் விறகும் தண்ணீரும் அடுப்பும். நேரம் எஞ்சியிருந்தாலும் அந்த மீன் அவர்களுடையதன்று; அது கழகத்தின் மீன். செபீல்ட் தொழிலாளி சங்கமமைத்துப் போராடிப் பெற்றவற்றில் ஒரு பகுதியையேனும் நம் மலைநாட்டுத் தொழிலாளி பெறுவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் செல்லவேண்டியிருந்தது. ஒரே பேரரசின் கீழ், ஒரே காலத்தில் நிகழ்ந்தவை இவை.

மீண்டும் செபீல்ட்டுக்கு வருவோம். அரைநாள் விடுமுறை வாரத்துக்கு ஒருமுறைதான். வேலைநாளிலேயே ஒரு மணி நேரம் தூண்டில் போடுவது எப்பொழுது இயன்றது? இங்கே ஞாயிறு குறுக்கிடுகின்றது. நம் நாட்டிலே ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது சாய்வதால், கோடை மாலையின் அருமை நமக்கு எளிதிற் புலப்படாது. செபீல்ட்டில் ஜூன் மாதத்தில் எட்டரை மணிவரை வெளிச்சமிருக்கும். காலை நாலு மணிக்கே விடிந்தும்விடும். அந்த வெளிச்சம் உறங்குவோர்க்குப் பயனின்றிக் கழியும். மணிக்கூட்டை முன்னே தள்ளிவைத்தால் என்ன என்று 1895இல் நியூசிலாந்திலே கேட்டவர் ஜோர்ஜ் ஹட்சன். தபாற் கந்தோரில் வேலை பார்த்த அவர், வேலை முடிந்தபின் பூச்சி பிடித்து ஆராய்வதற்கு வெளிச்சம் தேடியவர். இங்கிலாந்திலே இதனை 1907இல் வற்புறுத்தியவர் வில்லியம் வில்லெற் என்னும் கட்டட ஒப்பந்தகாரர். நாடாளுமன்றம் பல்லாண்டு அதனைப் பொருட்படுத்தவில்லை. 1915இல் வில்லெற் இறந்தார். 1916 மே மாதத்திலே சட்டம் நிறைவேறியது. காரணம் தொழிலாளரின் மாலைப்பொழுதன்று, போருக்கு நிலக்கரியை மிச்சப்படுத்தும் தேவை. ஜெர்மனி சில கிழமைகளுக்கு முன்னரே மணிக்கூட்டை மாற்றிவிட்டிருந்தது. மக்களின் நலத்துக்காகக் கேட்டபோது மறுக்கப்பட்ட ஒரு மணி நேரம் பீரங்கிக்காகக் கேட்டபோது உடனே கிடைத்தது. 

போர் முடிந்ததும், 1919இல், பொறித் தொழிலிலே வார வேலை நேரம் 47 மணியாகக் குறைந்தது. காலையுணவுக்கு முன்னரே ஒரு முறை வேலைசெய்யும் பழைய ஏற்பாடும் அதனோடு ஒழிந்தது. கோடை மாலை ஒன்பதரை மணிவரை நீண்டது. ஐந்து, ஐந்தரைக்கு ஆலையின் சங்கு ஊதினால், தேநீர் குடித்துச் சைக்கிளேறிக் கால்வாய்க் கரைக்குப் போக அரைமணி நேரம் போதும். பொழுது மங்கும்போது மீன் ஆழத்தை விட்டுக் கரையோரம் இரைதேடி வருவது இயற்கை. ஆதலால் அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரம், நடுப்பகலிலே நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிடப் பயனுடையது. கோலைக் கழற்றாமல் நடையிலே சார்த்திவைப்பதும், முதல்நாள் இரவே புழுப்பேணியை ஆயத்தமாக்குவதும், ஒரேயொரு நூலுருளையோடு போவதும் இந்தக் குறும்பயணத்தின் தந்திரங்கள். பெரும்பாலும் பிடித்ததைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடுவர். கால்வாய் அழகிய இடமன்று. ஒருபுறம் ஆலைச்சுவர், மறுபுறம் நிலக்கரிக் குவியல். எனினும் அங்கே தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவ்வளவு நேரமும் மேற்பார்வையாளன் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

நேரத்தைப் பெற்றோர் நீரைக் காக்கவும் போராடவேண்டியிருந்தது. 1948இல் ஜோன் ஈஸ்ட்வுட் என்னும் வழக்கறிஞரின் முயற்சியால் ஆறுகளின் மாசுக்கு எதிராக வழக்காடும் தூண்டிற்காரர் அமைப்பொன்று தோன்றியது. அதன் துணையோடு நடந்த பெருவழக்கு டேர்பி நகரத்தைச் சேர்ந்தது. 'டேர்பியின் பெருமை' என்று தனக்குப் பெயரிட்டுக்கொண்ட தூண்டிற் சங்கம், டேர்வென்ற் ஆற்றை நஞ்சாக்கியதற்காக மூவரை நீதிமன்றுக்கு இழுத்தது. செயற்கைப்பட்டு நெய்த பிரிட்டிஷ் செலனீஸ் கொம்பனி ஒருவர். மலக்கழிவை நன்கு சுத்திகரிக்காமல் விட்ட டேர்பி மாநகராட்சி மற்றொருவர். சுடுநீரை ஆற்றில் விட்ட அரச மின்சார அதிகாரசபை மூன்றாமவர். 1952இல் தீர்ப்பு தூண்டிற்காரர் பக்கம் நின்றது. சுத்திகரிப்பு நிலையம் அமைக்கக் காலக்கெடு கொடுத்து, மாசுபடுத்துவதற்குத் தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. மேன்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

இவ்வழக்கிலே சிந்திக்கவேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. சங்கத்தோடு கூட்டாக வழக்குத் தொடுத்தவர் ஹாரிங்டன் பிரபு, கரைநிலத்துக்கு உடையவர். மக்களின் ஓய்வைக் காப்பாற்றச் சட்டத்திலே தனி விதி இல்லாமையால், நிலவுடைமை என்னும் பழைய கோட்டையின் கதவு வழியாகவே அவர்கள் உள்ளே புகவேண்டியிருந்தது. மற்றது, எதிரிகளுள் இருவர் தனியார் முதலாளிகளல்லர். ஒன்று மக்கள் தெரிந்த மாநகரசபை, மற்றது அண்மையிலே நாட்டுடைமையாக்கப்பட்ட மின்சாரம். உடைமை கைமாறிய அளவில் ஆறு தானாகத் தெளிந்துவிடவில்லை. நாட்டுடைமையை வேண்டிநிற்கும் நம்போன்றோர் இதனைக் கண்ணைத் திறந்து படிக்கவேண்டும். ஆலையிலே பகலெல்லாம் கழிவைத் திறந்துவிடுபவனும் மாலையில் அதே ஆற்றங்கரையில் அமர்பவனும் ஒருவனாகவே இருக்கக்கூடிய நகரம் டேர்பி. கழிவைத் திறந்துவிடு என்ற கட்டளை மட்டும் அவனிடமிருந்து வரவில்லை.

செபீல்ட்டின் டொன் ஆறு இதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் இறந்தே கிடந்தது. 1980களிலே அந்நகரத்து உருக்காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் திருந்தியது. ஆறு மெல்லத் தெளிந்தது. பழைய அணைக்கட்டுகளிலே மீன் ஏறிச்செல்லும் படிகள் அமைக்கப்பட்டன. 2019இல் செபீல்ட் நகரத்துக்குள்ளேயே சால்மன் மீன் மீண்டும் காணப்பட்டது. கனவான்களின் மீன், சாணைக்கற்கள் சுழன்ற கரைக்கே வந்து சேர்ந்தது. அக்கரையிலே இன்று கோலோடு அமர்ந்திருப்போருள், நாள் முழுவதும் நேரமுள்ள முதியோர் சிலர் உருக்காலையிலே உழைத்தவர்களாயிருப்பர்.